டேப்பட் சத்தம் போடட்டும்: பெரிய டீசல் இன்ஜினின் வால்வு அமைப்பு, புதிதாகப் பழகுபவர்களுக்கு

"அண்ணே, மேலே டக்கு டக்குனு சத்தம் வருது. கொஞ்சம் டைட் பண்ணி விட்டுடுங்க."

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்ப்பவர் யாராக இருந்தாலும் ஒரு தடைக்காலம் முடிவதற்குள் இதைப் பத்துத் தடவையாவது கேட்டுவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில்தான் படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, வலை சரி பார்ப்பது, இன்ஜினைப் பிரிப்பது எல்லாம். கத்திரி வெயிலில் படகின் வயிற்றுக்குள் குனிந்து உட்கார்ந்து, இன்ஜினின் உச்சியில் இருக்கும் ராக்கர் கவரைக் கழற்றும்போது, பக்கத்தில் நிற்கும் டிரைவர் இந்த ஒரு வரியைச் சொல்லிவிடுவார்.

டைட் பண்ணினால் சத்தம் நிற்கும் என்பது உண்மை. கொஞ்ச நாளில் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்து, சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும் என்பதும் உண்மை. என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: டக் டக் என்று சத்தம் போடும் வால்வுக்குப் பயப்படாதே, சத்தமே போடாத வால்வுக்குப் பயப்படு. ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால் கேம் ஷாஃப்ட்டிலிருந்து வால்வு வரைக்கும் ஒரு நடை போய் வர வேண்டும்.

கீழிருந்து மேலே

சிலிண்டருக்குக் காற்று வர ஒரு வழி, எரிந்த புகை போக ஒரு வழி. இரண்டுக்கும் கதவு வேண்டும். அந்தக் கதவுதான் வால்வு. பார்ப்பதற்கு நாய்க்குடையைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி இருக்கும்: மெல்லிய நீளமான தண்டு, அடியில் அகலமான தலை. காற்றை உள்ளே விடுவது இன்லெட், புகையை வெளியே விடுவது எக்ஸாஸ்ட். தலையின் ஓரம் ஹெட்டில் உள்ள சீட்டில் அழுந்தி உட்கார்ந்தால் கதவு சாத்தியாயிற்று.

இந்தக் கதவை நேரம் தவறாமல் திறந்து மூடுவதற்குத்தான் மற்ற பாகங்கள் அத்தனையும். எங்கள் பக்கத்துப் படகுகளில் நிறையப் பார்க்கும் லேலண்ட் மாதிரியான இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட் கீழே, பிளாக்குக்குள் இருக்கும். அதில் வால்வுக்கு ஒன்று என்ற கணக்கில் முட்டை வடிவத்தில் மேடுகள். ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மேடு, தன் மேல் உட்கார்ந்திருக்கும் டேப்பட் என்ற குட்டி இரும்புக் கட்டையைத் தூக்கும். டேப்பட் தன் மேல் நிற்கும் நீளக் கம்பியான புஷ் ராடைத் தூக்கும். புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும். ராக்கர் என்பது நம் ஊர் ஏற்றம்தான். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும். இறங்கும் அந்த மூக்கு வால்வுத் தண்டின் தலையில் குத்தி அதைக் கீழே தள்ளும், கதவு திறக்கும். மேடு கடந்து போனதும் ஸ்பிரிங் வால்வை இழுத்துச் சாத்திவிடும்.

ஏற்றத்தில் தாங்குகோலுக்கு இரண்டு பக்கமும் மரம் ஒரே நீளம் இருக்காது. ராக்கரும் அப்படித்தான். வால்வு பக்கத்துக் கை நீளமாக, புஷ் ராடு பக்கத்துக் கை குட்டையாக இருக்கும். ஒன்றுக்கு ஒன்றரை என்ற கணக்கு என்று வைத்துக்கொண்டால், கேம் 8 மி.மீ. தூக்கினால் வால்வு 12 மி.மீ. இறங்கும். இதில் லாபமும் உண்டு, விலையும் உண்டு. நகர்வு எத்தனை மடங்கு கூடுகிறதோ, கேம் மேல் விழும் பாரமும் அத்தனை மடங்கு கூடும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால்தான் கேம் கியருக்குக் கிராங்க் கியரைப் போல இரண்டு மடங்கு பற்கள். கார்களில் இதற்கு பெல்ட்டோ செயினோ போடுவார்கள். கனரக டீசலில் பெரும்பாலும் கியர்தான், ஏனென்றால் பெல்ட் அறுந்தால் நடுக்கடலில் என்ன செய்வது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடினால், ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 900 தடவை, அதாவது நொடிக்கு 15 தடவை திறந்து மூடுகிறது. பத்து மணி நேரம் ஓடி வந்தால் 5,40,000 தடவை. ஒரே ஒரு வால்வு, ஒரே ஒரு பயணத்தில்.

அந்த இடைவெளி எதற்கு

ராக்கரின் மூக்குக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில், வால்வு சாத்தியிருக்கும்போது, ஒரு சின்ன சந்து விட்டிருப்பார்கள். விசிட்டிங் கார்டு அட்டையின் கனம்தான் இருக்கும். டேப்பட் இடைவெளி, டேப்பட் கிளியரன்ஸ் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

மரக்கதவு போட்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பிவிடும், கதவு நிலையில் பிடித்துக்கொள்ளும். அனுபவமுள்ள ஆசாரி அதைத் தெரிந்துதான் கோடையிலேயே கொஞ்சம் சந்து விட்டுக் கதவை மாட்டுவார். வெயில் காலத்தில் பார்ப்பவர் "என்ன ஆசாரி, இடுக்கு தெரியுதே" என்பார். மழை வரும்போதுதான் அந்த இடுக்கின் அருமை தெரியும். மரத்துக்கு ஈரம் எப்படியோ, இரும்புக்குச் சூடு அப்படி.

150 மி.மீ. நீளமுள்ள எஃகுத் தண்டு 100 டிகிரி சூடேறினால் 0.18 மி.மீ. நீளும். டீசல் இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வின் தலை 600 டிகிரியைத் தாண்டும். வால்வு நீளும்போது ஹெட்டும் பிளாக்கும் சும்மா இருப்பதில்லை, அவையும் விரியும். ஆனால் அவற்றைத் தண்ணீர் சுற்றி வந்து குளிரவைக்கிறது, வால்வைத் தண்ணீர் அப்படி நேராகத் தொடுவதில்லை. ஆக வால்வின் நீட்சிதான் ஜெயிக்கும். முன்கூட்டியே இடம் விட்டு வைக்காவிட்டால், நீண்ட தண்டு ராக்கரில் முட்டி, ராக்கர் அதை விடாமல் பிடித்துக்கொள்ள, கதவு முழுசாகச் சாத்தாமல் ஒரு மயிரிழை திறந்தே நிற்கும்.

எக்ஸாஸ்ட்டுக்கு இன்லெட்டை விட அதிக இடைவெளி விடுவதும் இதனால்தான். இன்லெட் ஒவ்வொரு தடவையும் புதுக் காற்றில் குளிக்கிறது, எக்ஸாஸ்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உதாரணத்துக்கு, ஊரெல்லாம் ஓடும் கம்மின்ஸ் பி வகை 5.9 லிட்டர், 12 வால்வு இன்ஜினில் இன்லெட்டுக்கு 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.51 மி.மீ. உங்கள் இன்ஜினுக்கு வேறு எண் இருக்கும். பெரும்பாலும் ராக்கர் கவரில் ஒட்டிய தகட்டிலோ கையேட்டிலோ போட்டிருப்பார்கள். பக்கத்துப் படகுக்கு வைத்த எண்ணை உங்கள் இன்ஜினுக்கு வைக்காதீர்கள்.

"ஒரு மயிரிழைதானே, அதனால் என்ன" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. வால்வு தன் தலையில் ஏறும் சூட்டின் பெரும்பகுதியை எப்படி வெளியேற்றுகிறது தெரியுமா? சீட்டில் உட்காரும் அந்தக் கணத்தில்தான். தலை சீட்டைத் தொடும், சூடு சீட்டுக்குள் போகும், அங்கிருந்து தண்ணீருக்குப் போகும். மிச்சம் கொஞ்சம் தண்டு வழியாக, அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்குப் போகும். சீட்டைத் தொடாத வால்வுக்குச் சூட்டை இறக்கிவைக்க இடமில்லை. அது போதாதென்று, எரியும் வாயு அந்த மயிரிழைச் சந்து வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். கேஸ் கட்டிங் தீ இரும்பை அறுக்கிற மாதிரிதான். வால்வின் ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் பல் கடித்த மாதிரி பள்ளம் விழும். கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால் விளிம்பு கறுத்து, அந்த ஒரு இடம் மட்டும் உருகி வழிந்திருக்கும். பட்டறையில் "வால்வு எரிஞ்சு போச்சு" என்பது இதுதான்.

இவ்வளவும் நடக்கும்போது சத்தமே வராது. இடைவெளி இல்லாததால் தட்டுவதற்கு எதுவும் இல்லையே. ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இன்ஜின் நடுங்கும், புகைக்குழாயில் "புஸ் புஸ்" என்று ஒரு மூச்சு கேட்கும். அது கேட்கும்போது காலம் கடந்துவிட்டது.

சரி, அப்படியானால் இடைவெளியை நிறைய விட்டுவிடலாமே என்றால், அதுவும் கூடாது. கேம் மேட்டை வடிவமைப்பவர், மேடு தொடங்கும் இடத்தில் ஒரு மெல்லிய சரிவு வைத்திருப்பார். அந்தச் சரிவில் டேப்பட் மெதுவாக ஏறும்போதே இடைவெளி மூடி, ராக்கர் வால்வை மென்மையாகத் தொட வேண்டும். அதன் பிறகுதான் வேகமாகத் தூக்கும். மறுபக்கமும் அப்படியே ஒரு இறங்கு சரிவு, வால்வு சீட்டில் அடிபடாமல் உட்காருவதற்கு. மாடிப்படியில் கடைசிப் படியில் காலை மெதுவாக வைப்பதற்கும், தொப்பென்று குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம். இடைவெளி அளவுக்கு மேல் போனால் அந்தச் சரிவு முடிந்த பிறகுதான் ராக்கர் வால்வைத் தொடும், அதுவும் வேகத்தோடு அடிக்கும். மூடும்போது சீட்டில் சம்மட்டி அடி. வால்வு தாமதமாகத் திறக்கும், சீக்கிரம் மூடும், இன்ஜின் சரியாக மூச்சு விடாது.

ஆக அந்த 0.25, 0.51 என்பதெல்லாம் கேம் மேட்டின் சரிவோடு சேர்த்துக் கணக்கிட்ட அளவு. பாகங்களின் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் அந்த இடைவெளியும் ஒரு பாகம் என்றே நான் நினைக்கிறேன். சரியான இடைவெளியில், குளிர்ந்த இன்ஜினில், தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரே சீரான டிக் டிக் சத்தம் வரும். அது இருக்க வேண்டிய சத்தம். ஒரு சிலிண்டர் மட்டும் தனியாக ஓங்கி அடித்தால்தான் பார்க்க வேண்டும்.

"என் காரில் இந்த டேப்பட் வேலையே கிடையாதே" என்பார்கள் சிலர். பல கார்களில் எண்ணெய் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரி செய்துகொள்ளும் டேப்பட் இருக்கிறது. கனரக டீசலில் பெரும்பாலும் கெட்டியான டேப்பட்தான், கையால்தான் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு குணம்

எக்ஸாஸ்ட் வால்வு கைக்கு வந்தால் ஒரு காந்தத்தை எடுத்துத் தொட்டுப் பாருங்கள். பல இன்ஜின்களில் தண்டின் மேல்பக்கம் காந்தம் ஒட்டும், தலைப்பக்கம் ஒட்டாது. ஒரே வால்வு, ஆனால் இரண்டு உலோகம். தலைக்குச் சூடு தாங்க வேண்டும், அதனால் குரோமியம் 21 சதவீதம், நிக்கல் 4 சதவீதம் அளவில் கலந்த எஃகு, அதில் காந்தம் ஒட்டாது. தண்டுக்குத் தேய்மானம் தாங்க வேண்டும், அதற்கு கடினமாக்கக்கூடிய வேறு எஃகு. இரண்டையும் ஒன்றோடு ஒன்று உரசிச் சுழற்றி, அந்தச் சூட்டிலேயே ஒட்டவைத்திருப்பார்கள். சீட்டில் உட்காரும் விளிம்பில் கோபால்ட் கலந்த ஸ்டெல்லைட் பூச்சு இருப்பதும் உண்டு. முதல் தடவை காந்தம் நழுவி விழுவதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் இன்னும் மறக்கவில்லை. கையில் இருப்பது வெறும் இரும்புத் துண்டு என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

வால்வு எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதற்கு இன்னொரு கணக்கு. தலையின் விட்டம் 40 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 12.5 சதுர செ.மீ. எரியும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பார் (ஒரு பார் என்றால் சதுர செ.மீ.க்கு சுமார் ஒரு கிலோ பாரம்) வந்தால், வால்வின் தலையில் ஒன்றேகால் டன்னுக்கு மேல் பாரம் ஏறும். இன்றைய கனரக இன்ஜின்களில் அழுத்தம் 150 பாரையும் தாண்டுகிறது.

சீட் தனி வளையமாகச் செய்து ஹெட்டில் இறுக்கியது. வளையம் குழியை விட ஒரு நூலளவு பெரியது, அதனால் திரவ நைட்ரஜனிலோ உலர் பனிக்கட்டியிலோ குளிரவைத்துச் சுருக்கி உள்ளே இறக்குவார்கள், சூடு திரும்பியதும் அது விரிந்து கவ்விக்கொள்ளும். சுத்தியலால் அடித்து இறக்கிய சீட் என்றைக்காவது கழன்று சிலிண்டருக்குள் விழும். இந்த வேலைக்கு நல்ல லேத் பட்டறையைத் தேடிப் போங்கள், பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகப் போகாதீர்கள்.

சீட் சாய்மானம் பெரும்பாலும் 45 டிகிரி அல்லது 30 டிகிரி. டீசலில் இன்லெட்டுக்கு 30, சிலவற்றில் அதைவிடவும் குறைவு. சாய்மானம் குறைந்தால் வால்வு உட்காரும்போது வழுக்கித் தேய்வது குறையும், கொஞ்சம் திறந்ததுமே காற்று தாராளமாகப் போகும். 45 டிகிரியில் ஆப்பு மாதிரி நன்றாகக் கவ்விச் சாத்தும், கரியையும் நசுக்கித் தள்ளும்.

ஸ்பிரிங்கைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. பல இன்ஜின்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் இருக்கும். உற்றுப் பாருங்கள், ஒன்று வலமாகச் சுற்றியிருந்தால் மற்றது இடமாகச் சுற்றியிருக்கும். ஒரே பக்கம் சுற்றினால், ஒன்று உடையும்போது அதன் சுருள் மற்றதன் சுருளுக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். இரண்டின் அதிர்வும் வேறு வேறு என்பதால் ஒன்று துள்ளும்போது மற்றது அடக்கும். ஒன்று உடைந்தாலும் வால்வு சிலிண்டருக்குள் விழாமல் மற்றது பிடித்துக்கொள்ளும். சுருள்கள் ஒரு பக்கம் நெருக்கமாக, மறுபக்கம் அகலமாக இருக்கும் ஸ்பிரிங் என்றால் நெருக்கமான பக்கம் கீழே, ஹெட்டைப் பார்த்து இருக்க வேண்டும். துருப் புள்ளி விழுந்த ஸ்பிரிங்கைத் தேய்த்துத் திரும்பப் போடாதீர்கள். அந்தப் புள்ளியில்தான் அது உடையும்.

ஸ்பிரிங் தளர்ந்தால் என்ன ஆகும்? பெரிய அலையில் படகின் பின்பக்கம் தூக்கி, ப்ரொப்பல்லர் தண்ணீருக்கு வெளியே வந்து சுழலும்போது இன்ஜின் ஒரு கணம் வேகமெடுக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பிடிப்பதற்குள், தளர்ந்த ஸ்பிரிங்கால் கேமின் வேகத்துக்கு வால்வை இழுத்து மூட முடியாமல் போகலாம். டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் சுமார்தான் இடம். மூடத் தாமதித்த வால்வைப் பிஸ்டன் வந்து இடிக்கும்.

டேப்பட்டைப் பற்றி என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை பழகிய முதல் வருடம், பன்னிரண்டு டேப்பட்டையும் கழற்றி ஒரே தட்டில் மண்ணெண்ணெயில் கழுவி, பளபளவென்று துடைத்து, கைக்கு வந்ததை வந்த துளையில் போட்டுவிட்டேன். சில மாதத்தில் அந்த இன்ஜின் திரும்பி வந்தது. கேமில் இரண்டு மேடு தேய்ந்து மழுங்கியிருந்தது. தட்டையான டேப்பட்டின் அடி பார்க்கத்தான் தட்டை. உண்மையில் மிக லேசாகக் குவிந்திருக்கும், கேம் மேடும் மிக லேசாகச் சரிந்திருக்கும். அந்த அமைப்பால்தான் டேப்பட் வேலை செய்யும்போது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்கிறது. பல மாதம் ஒரே மேட்டோடு பழகிய டேப்பட்டை வேறு மேட்டில் வைத்தால் அந்தப் பொருத்தம் போய்விடும், சுற்றுவது நின்று ஒரே இடத்தில் அறுக்க ஆரம்பிக்கும். அன்றிலிருந்து என் பட்டறையில் டேப்பட்டுக்கு முட்டை அட்டை, புஷ் ராடுக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டி. ஒவ்வொரு குழியிலும் எண் எழுதியிருக்கும். புதுக் கேம் போட்டால் புது டேப்பட்தான், பழையதைக் கலக்கவே கூடாது.

அடியில் உருளை வைத்த ரோலர் டேப்பட் என்றால் இதற்கு நேர்மாறு. அது சுற்றக் கூடாது, உருளை கேமுக்கு நேராகவே நிற்க வேண்டும். அதைத் திரும்பாமல் பிடிக்கும் தகடோ பின்னோ சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

சிலிண்டருக்கு நான்கு வால்வு உள்ள இன்ஜின்களில் ஒரு ராக்கர் இரண்டு வால்வைத் திறக்கும். நடுவில் ஒரு பாலம் இருக்கும். அந்தப் பாலத்தில் திருகு இருந்தால், முதலில் பாலம் இரண்டு தண்டிலும் ஒரே நேரத்தில் படும்படி வைத்துவிட்டு, அப்புறம்தான் ராக்கர் இடைவெளி. பாலம் சாய்ந்திருந்தால் ஒரு வால்வு முந்தித் திறக்கும், கைடு ஒரு பக்கமாகத் தேயும்.

பூட்டும்போது

வால்வை சீட்டில் உரசிப் பொருத்தும்போது தேய்க்கும் பேஸ்ட் போட்டுக் கையால் முன்னும் பின்னும் திருப்புவோம். சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் வந்தால் போதும், மேலும் மேலும் தேய்ப்பது சீட்டைத் தின்பதுதான். ஸ்டெல்லைட் பூச்சுள்ள வால்வுக்குப் பேஸ்ட் போடலாமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் பேஸ்ட்டின் ஒரு துகள் கூட மிஞ்சாமல் கழுவ வேண்டும். வால்வைப் பூட்டி ஹெட்டைச் சாய்த்து, காற்று வழியில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். சீட்டைச் சுற்றி ஈரம் கசியாமல் இருந்தால் சரி.

வால்வு ஹெட்டின் மட்டத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதையும் ஆழம் அளக்கும் டெப்த் கேஜ் வைத்து அளந்து எழுதுங்கள். மட்டத்துக்கு மேலே வந்தால் பிஸ்டன் இடிக்கும். அதிகம் உள்ளே போனால் காற்றை அழுத்தும் இடம் பெரிதாகி, குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும்.

ஸ்பிரிங்கை அழுத்தி, அதைத் தண்டோடு பூட்டும் லாக்கைப் போடும்போது தண்டின் காடியில் துளி கிரீஸ் தடவினால் லாக் நழுவாது. போட்டு முடித்ததும் ரப்பர் சுத்தியலால் தண்டின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. சரியாக உட்காராத லாக் அப்போதே தெறிக்கும். இன்ஜின் ஓடும்போது தெறித்தால் வால்வு சிலிண்டருக்குள் விழும்.

புஷ் ராடைக் கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் நொண்டும். நிமிர்த்திப் போடாதீர்கள், மாற்றுங்கள். உள்ளே ஓட்டை உள்ளதென்றால் காற்றடித்து அடைப்பு இல்லையா என்று பார்க்க வேண்டும், பல இன்ஜின்களில் ராக்கருக்கு எண்ணெய் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. ராக்கர் ஷாஃப்ட்டின் எண்ணெய்த் துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கழற்றும்போதே குறித்து வையுங்கள். திருப்பிப் போட்டால் எல்லா ராக்கரும் வறண்டு ஓடும். ஷாஃப்ட் போல்ட்டை இறுக்குமுன், ராக்கரின் புஷ் ராடு பக்கத்து முனையில் இடைவெளி வைப்பதற்காக இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் திருகு எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே போல்ட்டை முழுசாக இறுக்கினால் திறந்து நிற்கும் வால்வின் ஸ்பிரிங் பாரம் ஷாஃப்ட்டை வளைத்துவிடும்.

இனி இடைவெளி வைக்கும் வேலை. இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். ஆறு சிலிண்டர் இன்ஜினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை பெரும்பாலும் 1-5-3-6-2-4. இதில் கூட்டினால் ஏழு வரும் சிலிண்டர்கள் ஜோடி: 1-6, 2-5, 3-4. ஜோடியில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக மேலே வரும், ஒன்று அழுத்தத்தின் உச்சியில் இருக்கும்போது மற்றது புகையை முடித்துக் காற்றைத் தொடங்கும் இடத்தில் இருக்கும். கிராங்க்கின் முனையில் உள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஆறாவது சிலிண்டரின் ராக்கர்களைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மூடி முடிக்க, இன்லெட் திறக்கத் தொடங்க, இரண்டும் தராசு மாதிரி ஆடும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். இப்போது முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் நன்றாகச் சாத்தியிருக்கின்றன, அதற்கு வைக்கலாம். அப்புறம் ஃப்ளைவீலை மூன்றில் ஒரு சுற்றுத் திருப்பினால் இரண்டாவது ஆடும், ஐந்தாவதுக்கு வைக்கலாம். இப்படியே வரிசையில் போக வேண்டியதுதான்.

ஃபில்லர் கேஜ் என்ற, கனம் குறித்த மெல்லிய தகட்டை இடையில் விட்டு இழுக்கும்போது, நனைந்த இரண்டு விரலுக்கு நடுவே காகிதத்தை இழுக்கிற மாதிரி மெல்லிய பிடிப்பு இருக்க வேண்டும். தாராளமாக ஆடினால் அதிகம், மடங்கினால் குறைவு. திருகின் புரி ஒரு மி.மீ., ராக்கர் கணக்கு ஒன்றரை என்றால், கடிகாரத்தின் பெரிய முள் பத்து நிமிடம் நகரும் அளவு திருப்பினாலே வால்வு முனையில் 0.25 மி.மீ. மாறிவிடும். அவ்வளவு நுணுக்கமான கை வேண்டும். திருகை நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் நகரும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை கேஜை விட்டுப் பாருங்கள். பையன்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

இன்னொரு ஏமாற்று வேலை இருக்கிறது. பழைய ராக்கரின் மூக்கில் வால்வுத் தண்டு பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருக்கும். கேஜ் தகடு தட்டையானது, அது குழியின் இரண்டு கரையிலும் பாலம் போட்ட மாதிரி நிற்கும். கேஜ் 0.25 என்று சொல்லும், உள்ளே உண்மையான இடைவெளி 0.40 இருக்கும். சரியாக வைத்தும் சத்தம் போகவில்லை என்றால் விரல் நகத்தால் ராக்கர் மூக்கைத் தடவிப் பாருங்கள், நகம் தட்டும்.

ராக்கர் மேல் கையால் எண்ணெய் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள், கீழிருந்து எண்ணெய் ஏறிவரக் கொஞ்ச நேரம் ஆகும். தட்டை டேப்பட் இன்ஜின் என்றால் புஷ் ராடில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கவரைத் திறந்தபடி சுற்றிப் பாருங்கள். கோடு மெல்ல நகர்ந்தால் கீழே டேப்பட் சுற்றுகிறது என்று அர்த்தம்.

தடைக்காலத்துக்கு என்று ஒரு எச்சரிக்கை. இரண்டு மாதம் நின்ற இன்ஜினில் ஏதாவது சில வால்வு திறந்தேதான் நின்றிருக்கும். புகைக்குழாய் வழியாக உப்புக்காற்று உள்ளே போய்த் தண்டில் துரு ஏற்றும், வால்வு கைடில் பிடித்துக்கொள்ளும். ஒரு ஜூன் 15 விடிகாலை, எல்லாப் படகும் கிளம்பும் அவசரத்தில் ஒரு டிரைவர் நேராக சாவியைத் திருப்பினார். டணார் என்று ஒரு சத்தம். கவரைத் திறந்து பார்த்தால் ஒரு புஷ் ராடு வில்லாக வளைந்து கிடந்தது. சீசன் தொடங்கும் அன்றே அந்தப் படகு கரையில் நின்றது. புகைக்குழாயின் வாயை மூடி வையுங்கள், வாரம் ஒரு முறை கையால் சுற்றி வையுங்கள், ஸ்டார்ட் பண்ணுமுன் ஃப்ளைவீலைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது தடுத்தால் பலம் காட்டாதீர்கள், கவரைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று, ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். டேப்பட் வைக்கும்போது வைத்த அளவை மட்டும் எழுதினால் போதாது, கையை வைக்குமுன் எவ்வளவு இருந்தது என்பதையும் எழுதுங்கள். ராக்கர், டேப்பட், கேம் தேய்ந்தால் இடைவெளி கூடும், சத்தம் போட்டுத் தானே சொல்லிவிடும். சீட் தேய்ந்தால் வால்வு உள்ளே போகும், தண்டு மேலே ஏறும், இடைவெளி குறையும். அதை நோட்டு மட்டும்தான் சொல்லும். என் நோட்டில் ஒரு படகின் மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் 0.50 வைத்திருக்கிறேன். அடுத்தடுத்து திறந்தபோது இருந்தது 0.46, 0.41, 0.33. மற்ற ஐந்தும் அசையவில்லை. "இன்ஜின் நல்லாத்தானே ஓடுது மாமா, எதுக்கு ஹெட்ட கழட்டணும்" என்று படகுக்காரர் கேட்டார். அந்த மூன்று எண்ணையும் காட்டினேன். கழற்றினோம். அந்த ஒரு சீட் மட்டும் வளையம் அகன்று குழிந்து போயிருந்தது, வால்வின் விளிம்பு கத்தி மாதிரி மெலிந்திருந்தது, ஆனால் இன்னும் எரியவில்லை. சீட்டும் வால்வும் மாற்றி, திரும்ப 0.50 வைத்து, தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.